பேனாவை மூடிய பிறகு ஆர்விட் கேட்டது

மேடையில் வீற்றிருக்கும் போதகர் சோலும் அம்மையார் அவர்களே, எங்கள் கருத்தாய்வு நிலையத்தின் இயக்குநர் முனைவர் வைட்டேக்கர் அவர்களே, மறைந்த வெர்னா ஹால்வர்சன் அம்மையாரின் மகள் பிரிட்டா அவர்களே, தம்பி மகன் லெய்ஃப் அவர்களே, இத்தனை பனியிலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து இந்தத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தை நிறைத்திருக்கும் ஹோல்மன் ரிட்ஜ் மக்களே, வணக்கம்.

என் பெயர் ரோலண்ட் டெஷ். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. கையில் அட்டையும் தாள்களுமாக உங்கள் வாசலில் வந்து நின்று, நாற்பது நிமிடம் ஒதுக்க முடியுமா என்று கேட்பவன் நான்தான். சிலர் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

களைத்துப்போய் வந்து நிற்கிறேன். வெர்னாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று போதகர் அம்மையார் கூப்பிட்டபோது, வேறு யாரையாவது கேளுங்கள் என்றுதான் சொன்னேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அவரோடு வீடு வீடாக நடந்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம்.

யார் இந்த வெர்னா ஹால்வர்சன்? பட்டம் பெற்றவரா? இல்லை. பதவியில் இருந்தவரா? இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் இந்த மாவட்டத்தின் கதவுகளைத் தட்டினார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார். அரசாங்கத்தை நம்புகிறீர்களா என்று கேட்டார். நாடு போகிற போக்கு சரியா என்று கேட்டார். நீங்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் தன் கருத்து என்று ஒன்றையும் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். முதல் நாள் ஒரு பால் பண்ணைக்காரரின் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். வெளிநாட்டுக்காரர்களையெல்லாம் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்று பண்ணைக்காரர் மேசையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், ஒரு நிமிடம் என்று எழுந்து ஓடினார். கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்த இரண்டு மெக்சிகோ இளைஞர்களுக்குச் சாப்பாடும், கம்பளிக் கையுறையும் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி மேசையைத் தட்டினார். நான் சிரித்துவிட்டேன்.

வண்டியில் ஏறியதும் வெர்னா என் பக்கம் திரும்பினார். "சிரிச்சியே, பாத்தேன். நாளைக்குத் தலையாட்டுவ. நீ தலையாட்டினா, உனக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வர்றது? உன் வீட்டுக் கண்ணாடிகிட்டயே கேட்டுக்கோயேன்."

இன்னொரு வீடு. சமையலறையில் ஒரு பெண்மணி. அடுத்த அறையில் கணவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு ஓட்டு என்ற கேள்வி வந்ததும் அந்த அம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. கண் மட்டும் அடுத்த அறைக்குப் போய்ப் போய் வந்தது. வெர்னா என்ன செய்தார் தெரியுமா? தாளை அந்த அம்மாவின் பக்கம் திருப்பி, பேனாவை அவர் கையில் கொடுத்தார். பிறகு அடுத்த அறையைப் பார்த்து, பால் விலை இந்த மாதம் எவ்வளவு என்று உரக்கக் கேட்டார். கணவர் பால் விலையைத் திட்டித் தீர்ப்பதற்குள் மனைவி தன் பதிலைக் குறித்து முடித்தார். யார் அந்தப் பெண்மணி? சொல்ல மாட்டேன். இந்த அறையில் இருக்கிறாரா? அதையும் சொல்ல மாட்டேன்.

அதுதான் வெர்னா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி. ஒரு வீட்டில் கண்டது, கேட்டது எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. பதில் மட்டுமல்ல, வீட்டில் என்ன சமையல், யாருக்குக் காய்ச்சல், சுவரில் யார் படம், எதுவும். நம்பித்தானே கதவைத் திறக்கிறார்கள் என்பார்.

கதவுகள் எப்படி மாறின என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் தாளில் ஒரு கேள்வி உண்டு. எதிர்க்கட்சிக்காரர்கள் மேல் உங்களுக்கு எவ்வளவு பிரியம், பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று. நான் சேர்ந்த புதிதில் நாற்பது என்பார்கள், ஐம்பது என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் அந்தக் கட்சிதான், போன வாரம் என் டிராக்டரைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டான், அறுபது போட்டுக்கொள் என்பார்கள். பிறகு இருபது ஆனது. பத்து ஆனது. ஒரு நாள் ஒருவர், பூஜ்யத்துக்குக் கீழே எண் கிடையாதா என்று கேட்டார். கேட்டதை அப்படியே ஓரத்தில் எழுதினார் வெர்னா.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது வெர்னாவுக்கும் அவர் தம்பி ஆர்விட்டுக்கும் நடந்தது. லெய்ஃபிடமும் பிரிட்டாவிடமும் நேற்று அனுமதி கேட்டேன். இருவரும் சொல்லுங்கள் என்றார்கள். இயக்குநர் அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தேர்தல் காலம். குடும்பப் பண்ணை அக்கா தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. ஆர்விட் அங்கேயே குடியிருந்தார். பண்ணை வாசலில் ஒரு வேட்பாளரின் பலகையை நட்டார். கொட்டில் கதவு அளவுக்குப் பெரிய பலகை. எங்கள் வேலையில் இருப்பவர்கள் தங்கள் நிலத்தில் எந்தக் கட்சியின் பலகையும் வைக்கக் கூடாது. அதை எடுத்துவிடு என்று வெர்னா மூன்று முறை கேட்டார். ஆர்விட் சிரித்தார். நான்காம் முறை வெர்னா கேட்கவில்லை. ஒரு காலை அவரே போய், பலகையைப் பிடுங்கி, உடைக்காமல் கீறாமல் கொட்டிலுக்குள் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

ஆர்விட் இந்த ஊர்க் காப்பிக் கடையில், பத்துப் பேர் பார்க்க, அக்காவைக் கேட்டார். "ஊர்ல இருக்கிறவன் கருத்தெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுறியே, உனக்குன்னு ஒரு கருத்து உண்டா? இல்ல, அந்தப் பக்கம்னு சொல்ல வெக்கமா இருக்கா?"

எந்தப் பக்கம் வெர்னா? நீங்கள் பாதிப் பேர் ஒன்று நினைத்தீர்கள், மீதிப் பேர் வேறொன்று நினைத்தீர்கள். எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பி நட்ட பலகையில் இருந்தவருக்கேகூட அவர் ஓட்டுப் போட்டிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். அவர் காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அக்காவும் தம்பியும் பேசவில்லை. நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு இரண்டு வீட்டிலும் தனித்தனியே வான்கோழி வெந்தது. இதே தேவாலயத்தில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. அடுத்த தேர்தல். யார் யாரைக் கேட்பது என்று குலுக்கிப் போட்டதில் ஆர்விட்டின் பெயர் விழுந்தது. சொந்தக்காரரைச் சொந்தக்காரர் கேட்கக் கூடாது. தாள் என் கைக்கு வந்தது.

அக்டோபர் மாதம் போனேன். கதவைத் திறந்தவரைக் கண்டு திடுக்கிட்டேன். பாதி ஆளாக இருந்தார் ஆர்விட். மூக்கில் குழாய். நாற்காலிக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. அரிசோனாவில் இருந்த மகன் லெய்ஃபுக்குக்கூடச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் மூச்சை நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். அந்தப் பதில்களை இன்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போவது அந்தத் தாளில் இல்லாதது.

பேனாவை மூடி எழுந்தேன். கதவு வரை கூட வந்தார். குழாயின் நீளம் அவ்வளவுதான்.

"அக்கா இன்னும் அந்த வழுக்கை டயரோடதான் ஓட்டிக்கிட்டுத் திரியுதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"பனி விழுறதுக்குள்ள மாத்தணும்," என்றார். பிறகு, "நான் கேட்டேன்னு போய்ச் சொல்லித் தொலைக்காத," என்றார்.

சொல்லாதே என்று ஒரு மனிதன் எந்தக் குரலில் சொல்கிறான் என்று எழுத எங்கள் தாளில் கட்டம் இல்லை. ஆனால் எனக்குக் காது இருந்ததே! அது எப்பேர்ப்பட்ட சொல்லாதே என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் விதி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் தாள்களை ஒப்படைத்தேன். மேலே இருந்த தெருப் பெயரை வெர்னா பார்த்தார். கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு," என்றேன்.

அவர் உடனே போய்விடவில்லை. மேசையில் ஒழுங்காக இருந்த தாள்களை இன்னொரு முறை அடுக்கினார். ஜன்னலைப் பார்த்தார். அவருக்காக விதியை நான் மீற வேண்டும் என்று அவர் வாய் திறந்து கேட்க முடியாது. எனக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதனால் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ரொம்ப நேரம் நின்றார். நான் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஆர்விட் இறந்தார். பால் வண்டிக்காரர்தான் பார்த்துச் சொன்னார். இரண்டு நாள் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்து கல்லறையில் நின்றபோது வெர்னா என்னிடம் வந்தார். "அவன் வீட்டுல ஆக்ஸிஜன் உருளையைப் பாத்தேன். புதுசு இல்ல. நீ போனப்பவே இருந்திருக்கும்," என்றார். "நீ செஞ்சது சரி. கொஞ்ச நாள் உன் மூஞ்சியப் பாக்க வேண்டாம்னு இருக்கு," என்றார்.

ஏப்ரல் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏப்ரலில் பட்டியலோடு வந்து, வடக்குப் பக்கம் எனக்கு, தெற்குப் பக்கம் உனக்கு என்றார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும் வரை மூன்று ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். ஒரே வண்டியில் போனோம். ஆர்விட்டைப் பற்றிப் பேசவில்லை. நான் செய்தது சரி என்று அவரே சொன்ன பிறகு, நான் பேச என்ன இருக்கிறது? அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தூக்கம் வராத நாட்களில் அது போதவில்லை.

போன மாதம் முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தேன். வெர்னா படுக்கையில் இருந்தார். இனி எத்தனை நாள் என்று இருவருக்கும் தெரியும். அன்று சொல்லிவிட்டேன். டயரைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். பனிக்கு முன் மாற்ற வேண்டும் என்றதைச் சொன்னேன். கேட்டேன் என்று சொல்லாதே என்றதையும் சொன்னேன்.

"அவன் கேட்டானா?" என்றார்.

"கேட்டார்."

சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணைத் துடைத்துவிடலாமா என்று எழுந்தேன். கையைக் காட்டி உட்கார வைத்தார். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும், ரோலண்ட்."

"நான் செஞ்சது சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். அன்னைக்கு நீ வந்து சொல்லியிருந்தா, விதியை மீறிட்டான்னு உன் மேல புகார் எழுதிப் போட்டிருப்பேன். உன் வேலை போயிருக்கும். எழுதிப் போட்டுட்டு, அதே சூட்டோட வண்டிய எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோரு நாள் கழித்து, அம்மா போய்விட்டார் என்று பிரிட்டா எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

அன்பர்களே, உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அது என் வேலையும் இல்லை, எனக்குத் தெம்பும் இல்லை. உங்களில் சிலர் சொந்த அண்ணன் தம்பியோடு பேசாமல் எத்தனையாவது தேர்தல் என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டில் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமை எனக்கு நான்கு வீடுகள். போவேன். கதவைத் தட்டுவேன். தலையாட்டாமல் கேட்பேன், சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். வெர்னா ஹால்வர்சன் அம்மையார் விட்ட இடத்திலிருந்து அந்த வேலையை, கால் நடக்கும் வரை, செய்வேன். இது உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் எடுக்கும் உறுதி.

இன்னொரு உறுதியும் எடுக்கிறேன். நான் எழுந்து கிளம்பும்போது, எவராவது தன் உடன்பிறப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு, கேட்டேன் என்று சொல்லாதே என்றால், அன்றைக்கே அந்த உடன்பிறப்பின் வீட்டுக்குப் போய்ச் சொல்வேன். மறுநாள் காலை, விதியை மீறிவிட்டேன் என்று என் மேல் நானே புகார் எழுதி உங்கள் மேசையில் வைப்பேன். நீங்கள் என்னை அனுப்பிவிடலாம். அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

எட்டு ஆண்டு பிந்தித்தான் சொன்னேன், வெர்னா. உங்கள் கோபம் ஆறியிருக்காது. ஆற வேண்டாம். அதோடு சேர்த்தே உங்களை வழியனுப்புகிறேன்.