கம்ப்யூட்டர் தோற்ற ஆட்டம்

டீ வேண்டாம், ஐயா. இந்த வெயிலில் டீ குடித்தால் எனக்கு வயிறு காந்தும். ஸ்டேஷன் ரைட்டர் ஐயா எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவன், இன்னும் அரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது.

பெயர் உக்கிரபாண்டி. வயது நாற்பத்தொன்று. வீடு திருநகர். பழங்காநத்தத்தில் வீடியோ கேம்ஸ் கடை வைத்திருந்தேன். கால்பந்து ஆட்டத்தால்தான் என் கடைக்குப் பேர் வந்தது. ஆனால் பந்தை எந்தக் காலால் உதைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டம் எங்கே கூடும் என்பது மட்டும் தெரியும். அந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

எண்பத்தாறில் உலகக் கோப்பையை டிவியில் காட்டினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேருக்குக் கால்பந்துப் பைத்தியம். அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு மெஷினும் கால்பந்து கேசட்டும் கிடைத்தன. டிவியில் பச்சையாக ஒரு தரை. பக்கத்துக்கு மூன்று பேர். ஆள் என்றால் ஆளில்லை, கை கால் முளைத்த தீப்பெட்டி. பந்து சதுரமாக இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால்தான் ஆட்டமே ஓடும். துணையில்லாமல் தனியாக வருகிறவன் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அதற்கே வாசல் வரை நின்றார்கள்.

ஆறு மாதம் கழித்து டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் இன்னொருவன் கடை திறந்தான். அவன் மெஷின் புதுசு. ஒருத்தன் தனியாக உட்கார்ந்து ஆடலாம், எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டரே ஆடும். நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எப்போதாவது தலைகாட்டுகிறவனும், "அண்ணே, அங்க கம்ப்யூட்டரு ஆடுதுண்ணே, மனுசன் கெணக்கா ஓடுது" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மாதிரி மெஷினுக்கு நான் எங்கே போவேன். என்னிடம் இருந்தது காளைதான்.

காளை என் மனைவி செல்லத்தாயின் தம்பி. கீழக்குயில்குடிக்காரன். முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. பஞ்சு மில்லில் வேலை பார்த்தவன், மில்லின் கால்பந்து டீமில் இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவன். அவன் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினால் ரேஸ்கோர்ஸ் மைதானமே எழுந்து நிற்கும் என்று செல்லத்தாய் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவாள். முட்டி உடைந்து ஆட்டம் போயிற்று. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இழுப்பு வந்து, வேலையும் போயிற்று. எங்கள் வீட்டில்தான் இருந்தான். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று அவனுக்கே கூச்சம். இரண்டாவது தடவை குழம்பு கேட்கமாட்டான்.

கடையின் மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி அடித்தேன். உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டிவி. மெஷினிலிருந்து வருகிற ஒயரை இரண்டாகப் பிரித்து, வெளியே இருந்த கலர் டிவிக்கு ஒன்று, பெட்டிக்குள் இருந்த டிவிக்கு ஒன்று. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பெட்டிக்குள் இழுத்துக் காளையின் கையில் கொடுத்தேன். கதவில் தகரப் பலகை மாட்டினேன்: 'கம்ப்யூட்டர். தொட்டால் ஷாக் அடிக்கும்.'

சிரிக்கிறீர்கள், ஐயா. அவனும் அந்தப் பலகையைப் பார்த்து அப்படித்தான் சிரித்தான். நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கை நீட்டியதில்லை, வைததில்லை. மத்தியானம் கறிச்சோறு வாங்கிக் கொடுப்பேன். வீட்டில் மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன். கடையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான் என்றுதான் செல்லத்தாய் நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த டிவியில் நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையும் ஒரே சாம்பலாகத் தெரியும். காளை ஆள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே தன் ஆள் யார் என்று கண்டுகொள்வான். பத்தே நாளில், பழங்காநத்தத்துக் கம்ப்யூட்டர் மாதிரி எங்கேயும் கிடையாது என்று பேச்சாகிவிட்டது. திருமங்கலத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். டவுன் ஹால் ரோட்டுக் கம்ப்யூட்டர் ஒரே வழியில்தான் ஓடுமாம். என் கம்ப்யூட்டர் இடது ஓரமாகப் போய், நின்று, எதிராளியை ஏமாற்றி உள்ளே திரும்பும். கடையை அடைத்த பிறகு காளை வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்து, "மச்சான், எனக்குக் கை தட்டுறாய்ங்க, கேட்டீகளா" என்பான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதை நினைத்துத்தான் நான் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு டவுன் ஹால் ரோட்டுக்காரன் லெவல் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். லேசு, நடுத்தரம், கஷ்டம். நான் விடுவேனா. ஆடுகிறவன் எதைக் கேட்கிறானோ, பெட்டிப் பக்கம் திரும்பி, "லெவல் ஒண்ணு" என்றோ "லெவல் மூணு" என்றோ சத்தமாகச் சொல்லுவேன். காளைக்கு அது ஒன்றுதான் வருத்தம். "மச்சான், இம்புட்டு மோசமா ஆட எனக்கு வரமாட்டேங்குது. தோக்குறதுக்குன்னே ஒருத்தன் ஆடுவானா" என்றான். பழகிக்கொள் மாப்ள என்றேன். பழகிக்கொண்டான்.

உள்ளே முதலில் ஒரு சின்ன ஃபேன் வைத்திருந்தேன். அது கரகரவென்று சத்தம் போட்டது. பெட்டிக்குள் என்ன சுற்றுகிறது என்று ஒருவன் கேட்டான். ஃபேனை எடுத்துவிட்டேன். பிறகு இழுப்பு. அவன் எவ்வளவுதான் அடக்கினாலும் இருமல் வரத்தானே செய்யும். "அண்ணே, கம்ப்யூட்டரு இருமுதுண்ணே" என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. சூடானால் மெஷினில் அப்படித்தான் சத்தம் வரும் என்று சமாளித்தேன். அன்றைக்கே பழைய மெத்தையைப் பிரித்து, பெட்டியின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சை வைத்துச் சாக்கால் அடித்தேன். மில் பஞ்சு இல்லை, இலவம்பஞ்சு. அந்த அளவுக்கு எனக்கு யோசனை இருந்தது.

ஷாக் அடிக்குமா என்று சோதித்துப் பார்க்க ஒரு தடவை ஒருவன் கதவை இழுத்தான். நல்ல வேளை, காளை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டான். அதிலிருந்து வெளியே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

எண்பத்தேழு ஏப்ரலில் டவுன் ஹால் ரோட்டுக்காரன் கப் மேட்ச் நடத்தினான். பதினாறு பேர், தோற்றவன் வெளியே, கடைசியில் கம்ப்யூட்டரை ஜெயித்தவனுக்குக் கோப்பை. அவன் கேசட்டிலேயே அந்த ஏற்பாடு இருந்தது. நான் சுவரில் நோட்டீஸ் ஒட்டினேன். எட்டுப் பேர், எல்லோரும் கம்ப்யூட்டரோடு லெவல் மூன்றில் ஆட வேண்டும், அதிகமாகக் கோல் போடுகிற இரண்டு பேருக்கு மறு ஆட்டம், அதில் முந்துகிறவனுக்குக் கடைசியில் கம்ப்யூட்டரோடு ஃபைனல். அதற்காகவே புதுக் கேசட் ஒன்று வாங்கிப் போட்டேன். அதில் ஆள்களுக்கு முகம் இருந்தது, கோல் விழுந்தால் பாட்டு வரும். ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். மறுபடி ஓடவிட மெஷினின் தலையிலும் ஒரு பட்டன் உண்டு.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. அக்கினி நட்சத்திரம். காலை பத்து மணிக்குக் காளையை உள்ளே விட்டுப் பூட்டினேன். பத்தரைக்கெல்லாம் கடைக்குள் நிற்க இடமில்லை. பெட்டியின் மேலேயே சாய்ந்துகொண்டு நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யாரும் நகரவில்லை. எல்லோர் கண்முன்னால் கதவைத் திறப்பது எப்படி. இரண்டரை மணி வரைக்கும் ஆட்டம் நிற்காமல் ஓடியது. காளை ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஃபைனலுக்கு வந்தவன் விருமாண்டி, ஆட்டோ ஓட்டுகிறவன். முதல் பாதியில் கம்ப்யூட்டர் இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஆட்டம் திடீரென்று நின்றது. கூட்டம் கூச்சல் போட்டது. "கரண்ட் கோளாறுப்பா, லோ வோல்டேஜ்" என்று சொல்லி மெஷினில் இருந்த பட்டனை அழுத்தினேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை கொஞ்சம் தாமதமாக நின்றது. அழுத்தினேன். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

கம்ப்யூட்டரின் நீலச் சட்டைக்காரர்கள்தான் நின்றுவிட்டார்கள். பந்து பக்கத்தில் போனாலும் ஒருவனும் அசையவில்லை. விருமாண்டி முதலில் ஏதோ தந்திரம் என்று பயந்து பயந்து போனான். பிறகு வரிசையாக ஏழு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் அந்தப் பாட்டு வந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் கோப்பையைக் கொடுத்தேன். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் பெட்டியின் கதவு தெரிகிறது.

உள்ளே தட்டினானா என்று கேட்கிறீர்கள். தட்டியிருப்பான். சத்தம் வெளியே வரக்கூடாது என்றுதானே பஞ்சு வைத்தேன்.

கூட்டத்தை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. திறந்தேன். ஸ்டூலிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான். உடம்பு இன்னும் சுட்டது. சட்டை மார்புக்கு நேரே கிழிந்திருந்தது, அவனே கிழித்திருக்கிறான். நான் முதலில் செய்த காரியம், அவன் விரலைப் பிரித்து ஜாய்ஸ்டிக்கை எடுத்து மெஷின் பக்கத்தில் வைத்தது. அப்புறம்தான், "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டேன்.

தெருமுனையில் விருமாண்டியின் ஆட்டோ நின்றது. அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கோப்பையை ஹேண்டில் பக்கத்தில் வைத்திருந்தான். "அண்ணே, இவரு எப்பண்ணே கடைக்கு வந்தாரு? நான் பாக்கவே இல்லையே" என்று கேட்டான். "நெஞ்சு வலிக்குதுன்னு பின்வாசல் வழியா வந்தான்" என்றேன். என் கடைக்குப் பின்வாசல் கிடையாது. பாவம், ஜெயித்த மயக்கத்தில் அவனுக்கு அது உறைக்கவில்லை. ஏற்கெனவே இழுப்புக்காரன், வெயில் வேறு, இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். கீழக்குயில்குடியில் எரித்தோம். கொள்ளிக்குடத்துக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போன வாரம் காளைக்கு இரண்டாம் வருஷத் திதி. சாதிசனம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, செல்லத்தாய் முதல் இலையை எனக்குப் போட்டாள். "எந்தம்பியை ஆளா மதிச்சு, ஒரு வேலையைக் குடுத்து, கடைசிவரைக்கும் வச்சுக் காப்பாத்துனது எங்க வீட்டுக்காரருதான். அவரு இல்லேன்னா மில்லு வேலை போன அன்னைக்கே அவன் செத்திருப்பான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன், ஐயா. அன்றிலிருந்து அவள் சோறு போட வந்தால் பசியில்லை என்கிறேன். அந்தப் பெட்டி இன்னும் பூட்டிய கடைக்குள்தான் இருக்கிறது. நேற்றுப் போய் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கதவைத் திறந்தே வைத்திருந்தேன், டிவியும் ஓடவில்லை. பத்து நிமிஷம் தாங்கவில்லை.

கரண்ட் கோளாறு என்று நிஜமாகவே நினைத்தாயா என்கிறீர்கள். இரண்டு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். லோ வோல்டேஜ் என்றால் டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். அன்றைக்குச் சுருங்கவில்லை. ட்யூப் லைட்டும் பளிச்சென்று எரிந்தது.

அன்று காலையில் பெட்டிக்குள் போகும்போது காளை கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். "மச்சான், இன்னிக்கி மூச்சு சரியில்ல. முடியலேன்னா எப்படிக் கூப்புடுறது? கத்துனாலும் ஒங்களுக்குக் கேக்காதே" என்றான். "ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கு மாப்ள. ஆட்டம் நின்னுரும். நின்ன ஒடனே வந்து தொறந்துவிட்டுர்றேன்" என்றேன். சரி மச்சான் என்று உள்ளே போய் உட்கார்ந்தான்.

மூன்று தடவை அழுத்தினான், ஐயா. மூன்று தடவையும் அவன்தான் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்று தடவையும் ஆட்டத்தை ஓடவிட்டேன். ஃபைனல் அல்லவா, பாதியில் எப்படி நிறுத்துவது.