சாமி பாத்திக்கு எந்தப் பொடி?

— மெதுவா புடுங்குங்க பாவா, வேர் அறுந்துடும்!

— சாமி பாத்தியில செத்த செடிக்கு வேர் அறுந்தா இன்னாம்மா?

— எனக்கு வேருதான் வேணும். பாருங்க, முடிச்சு முடிச்சா கீது. எல்லாம் நூற்புழு பண்ற வேல. கண்ணுக்கே தெரியாது.

— கண்ணுக்குத் தெரியாததப் படிக்கவா ரெண்டு வருஷமா கோயமுத்தூர்ல கீற காஞ்சனா?

— ஆங். அது தெரிஞ்சாதான எங்கக்கா தலையில கனகாம்பரம் ஏறும். இல்லன்னா நீங்க வெறுங்கையோடதான் வூட்டுக்குப் போவணும்.

— சரி சரி... இந்த நம்ம பாத்தியப் பாரு, எப்பிடி பூத்துக்கினு கீதுன்னு!

— நம்ம பாத்திக்கு சிவப்பு மூடி டப்பா. புழுவக் கொல்ற நல்ல பொடி. அதான போட்டீங்க?

— ஆங்... போட்டேன், போட்டேன்.

— சாமி பாத்திக்கு நீல மூடி?

— அத ஏன் கேக்கற! ஆடிக்கிருத்திகைக்கு அந்தப் பாத்திப் பூவுலதான் காவடி கட்டுவோம்னு தலப்பாடா அடிச்சிகினேன். சாமிக்குப் போயி வேகவச்ச பொடின்னு சொன்னியே!

— நானா சொன்னேன்? சீட்டு குலுக்கிப் போட்டோம், அதுல வந்துது. நல்லதும் வேகவச்சதும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் எங்க வாத்தியாரு நம்புவாரு.

— வேகவச்சா அதுக்கு இன்னா ஆவும்?

— நஞ்சு கெட்டுப்பூடும். பொடியில கீற பாக்டீரியா தனக்கு விதை கட்டும்போது கூடவே கல்கண்டு மாதிரி ஒரு கட்டி செய்யும். அது புழு வயித்துக்குள்ள போச்சுன்னா கரைஞ்சு, குடல் பூரா ஓட்டை போட்டுடும். தீனி எறங்காம புழு செத்துப்பூடும். வேகவச்சத தின்னா... ஏப்பம் விட்டுகினு சும்மா திரியும்.

— ஏம்மா... மனுசன் தின்னா?

— ஒண்ணும் ஆவாது. அந்த நஞ்சு புடிச்சிக்கிற எடம் புழுவோட குடல்லதான் கீது, நம்ம குடல்ல இல்ல. ஏன், நாக்குல வச்சுப் பாத்தீங்களா?

— சேச்சே... கை கழுவாம பீடி புடிச்சேன், அதான்.

— எந்தப் பாத்தியில போட்டப்ப?

— ...உங்க வாத்தியாரு எப்ப வராரு?

— அரக்கோணத்துல எறங்கி பஸ் ஏறியிருப்பாரு. அவரு பாத்துட்டு சரின்னாதான் எனக்கு டிகிரி.

— காஞ்சனா... அவர அப்பிடியே திரும்பிப் போவச் சொல்லிடேன்.

— ஏனாம்?

— ஒடம்பு சரியில்லன்னு சொல்லு.

— யாருக்கு?

— எனக்குத்தான்!

— ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. மூஞ்சிதான் இப்பிடி வேர்க்குது. எங்க, முருகன் மலையப் பாத்து சொல்லுங்க பாவா. சாமி பாத்திக்கு நீல மூடிதான?

— மலைய எதுக்கு இழுக்கற... உன்னப் பாத்து சொன்னா பத்தாதா?

— பத்தாது.

— முருகா... கை வரல காஞ்சனா. சாமிக்குன்னு வுட்ட பாத்தி. அதுக்குப் போயி ஒண்ணுத்துக்கும் ஆவாதத போட எனக்குக் கை வரல. டப்பாவ மாத்திட்டேன். சிவப்பு மூடி சாமிக்கு, நீலம் நமக்கு.

— அடப்பாவமே!

— சிரிக்கிறியா நீ? உன் நல்ல பொடி போட்ட பாத்திதான் செத்துக் கெடக்குது! வேகவச்சது போட்டது பூத்துத் தள்ளுது! ரெண்டு வருஷப் படிப்பும் தலகீழாப் பூடுச்சேம்மா...

— அதனால இன்னா? வாயத் தொறக்காம இருங்க. பூத்த பாத்தியக் காட்டி டிகிரி வாங்கிக்கினு போயிடறேன்.

— வாணாம்மா! பொய்யி. நாளைக்கு நாலு குடியானவன் உன் பொடிய நம்பி வாங்கிப் போடுவான். உங்க வாத்தியாரு கால்ல வேணா வுழறேன், தப்பு என்னுதுதான்னு நானே சொல்லிடறேன்.

— நெசமா சொல்வீங்களா?

— சொல்றேன். உங்கக்கா மூஞ்சியில எப்பிடி முழிக்கப் போறேன்னுதான் தெரியல...

— சொல்லுங்க, நல்லா சொல்லுங்க. ஆனா காவடிக்கு நம்ம பாத்திப் பூவத்தான் பறிக்கணும், சாமி கோச்சிக்க மாட்டாரு. போன வருஷம் மொத கூடை எரு எந்தப் பாத்திக்குப் போச்சுன்னு நானும் பாத்துகினுதான இருந்தேன்? நீங்க மாத்தாம இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் பாவா, நல்ல பொடிய நீல மூடி டப்பாவுல போட்டுக் குடுத்தேன்!