சோளத்தட்டை மூடிய பள்ளம்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மகுடம் வைத்தாற்போல் இந்த மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர், அன்புச் சகோதரி சசிகலா அவர்களே! இந்த விழாவை எடுத்து நடத்தும் மருதைக்கரை மலைமிதிவண்டிக் குழுவின் அமைப்பாளர், உடற்பயிற்சி ஆசிரியர் தமிழழகன் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் ஊர்ப் பெரியவர்களே! இடுப்பில் பிள்ளையும் இமையில் தூக்கமுமாக வந்து வேப்பமரத்தடியில் வீற்றிருக்கும் என் தாய்மார்களே! குன்னத்திலிருந்தும் அரியலூரிலிருந்தும் ரஞ்சன்குடிப் பக்கமிருந்தும் விடியலை முந்திக்கொண்டு வந்து, ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் மண்ணிலுமாகக் கொடி அசையக் காத்திருக்கும் முப்பத்தாறு வீரர்களே, வீராங்கனைகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த அய்யம்பெருமாளின் பணிவான காலை வணக்கம்.

நான் குழம்பிப் போயிருக்கிறேன்.

என்ன இளையபெருமாள், சிரிக்கிறாய்? காதணி விழா முதல் கட்சிக் கூட்டம் வரை ஒலிவாங்கியைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு விடாத ஆசாமி, இன்றைக்குக் குழம்பிவிட்டானா என்று சிரிக்கிறாய். சிரி தம்பி. மெய்யாகவே குழம்பித்தான் நிற்கிறேன். சற்றுமுன் தமிழழகன் சார் என் தோளில் இந்தப் பொன்னாடையைப் போர்த்தினார். "ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த எங்கள் சிந்துவைக் காப்பாற்றிய கருணை உள்ளம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ இந்தப் பொன்னாடை, நெருப்புத் துண்டு போட்ட மாதிரி தோளைச் சுடுகிறது. ஏன் சுடுகிறது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லிவிடுவேனா என்று எனக்கே இன்னும் உறுதியில்லை.

முதலில் இந்த மிதிவண்டியைப் பற்றிய குழப்பம். மணி கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு கிடையாது. மூட்டை ஏற்ற முடியாது, மனைவியை ஏற்ற முடியாது. டயரோ டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது! தார்ச்சாலை பக்கத்திலேயே படுத்துக் கிடக்க, இவர்கள் பச்சைமலைக் காட்டோரத்தில் கல்லில் ஏறி, கரட்டில் இறங்கி, மருதையாற்றுக் கரை வழியாக மூச்சு வாங்கி வருகிறார்கள். போய்ச் சேர ஏதாவது ஊர் உண்டா? கிடையாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறார்கள்! எதற்காக ஐயா என்று ஒருநாள் கேட்டேன். "சும்மாங்க, நல்லாருக்கும்" என்றான் ஒரு பையன். இரண்டு நாள் யோசித்தேன். விளங்கவில்லை.

விளங்காத ஒன்று நம் நிலத்தின் வழியாகப் போனால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

கார்த்திகை மாதம். அடைமழை விட்ட மறுநாள். ஆற்றங்கரைத் தடத்தை ஒட்டி என் அரை ஏக்கரில் சின்ன வெங்காயம் ஊன்றி எட்டு நாள் ஆகியிருந்தது. முளை அப்போதுதான் மண்ணைக் கீறி மூக்கை நீட்டியிருந்தது. தடத்தில் தண்ணீர் நின்றதால், வந்த கூட்டம் வரப்பில் ஏறி என் பாத்தியின் குறுக்கே போய்விட்டது. காலையில் போய்ப் பார்க்கிறேன், பாத்தி நெடுக டயர்த்தடம்! நசுங்கிய முளையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கேட்க ஒரு ஆள் இல்லை, சொல்ல ஒரு ஆள் இல்லை. வழி கேட்காமல் வந்தார்கள், வருத்தம் சொல்லாமல் போனார்கள்.

அடுத்த கிராம சபையில் நான் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். "உழுதவன் கண்ணீரில் உல்லாசச் சவாரியா? வியர்வை சிந்திய நிலத்தில் வேடிக்கை விளையாட்டா?" என்று முழங்கினேன். எழுந்து நின்று கைதட்டினீர்கள். வண்டி வரக்கூடாது என்று தீர்மானமும் எழுதினோம். ஆனாலும் மறு ஞாயிறும் வண்டிகள் வந்தன. அதற்கு மறு ஞாயிறும் வந்தன.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மாலை...

தண்ணீர் கொடுங்கள் சார். நன்றி.

அன்று மாலை நான் அந்தத் தடத்தின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டினேன்.

ஆமாம் ஐயா, நான்தான். அமைதி. அமைதி. சத்தம் போடாதீர்கள் அன்பர்களே, இதற்கு மேல்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது. முழங்கால் ஆழம், இரண்டு முழ அகலம். வண்டி வரும், பள்ளத்தைப் பார்க்கும், திரும்பிப் போகும் என்று என் மனத்துக்குச் சொன்னேன். சரி, பார்த்துத் திரும்பிப் போகட்டும் என்றுதானே வெட்டினேன்? அப்படியானால் அறுவடை முடிந்து கிடந்த மக்காச்சோளத் தட்டையை அள்ளிவந்து அந்தப் பள்ளத்தை ஏன் மூடினேன்? அதற்கு மேல் ஏன் மண்ணைத் தூவினேன்? பள்ளம் வெட்டியது கோபம். ஒத்துக்கொள்கிறேன். தட்டை போட்டு மூடியது எது? அதற்கு என்ன பெயர்? தமிழில் எனக்குத் தெரியாத சொல்லே இல்லை என்று மார்தட்டியவன் நான். இன்றுவரை அதற்கு ஒரு பெயர் வைக்க முடியாமல் திண்டாடுகிறேன்.

மறுநாள் காலை களை எடுத்துக்கொண்டிருந்தேன். பனி விலகாத நேரம். கரைமேல் கரகரவென்று சக்கரச் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் ஒற்றை வண்டி, நீலச் சட்டை. அப்போதுகூட ஒரு குரல் கொடுத்திருக்கலாம். மேடையில் ஊரையே எழுப்புகிற குரல் அல்லவா இது? வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வண்டி குப்புறப் பாய்ந்தது. அந்த உருவம் வண்டியைத் தாண்டிப் போய்க் கருங்கல்லில் தோள்பட வீழ்ந்தது.

ஓடினேன். தலைக்கவசம் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே, நம் பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் சோதிக்கிறதே, அந்தப் பெண் சிந்து. என் வீட்டுப் பாலைத் தினமும் வாங்குகிற பிள்ளை! தோளெலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. அவள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஐயா, பின்னாடி ஆளுங்க வராங்க. நிறுத்தச் சொல்லுங்க."

வலியில் துடிக்கிற பிள்ளைக்கு வந்த குரல், வரப்பில் நின்ற எனக்கு வரவில்லையே!

கையை ஆட்டிக்கொண்டு ஓடி, வந்தவர்களை நிறுத்தினேன். மழை அரித்த பள்ளம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். இளையபெருமாளின் லோடு ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். யாரோ படம் எடுத்தார்கள். "விவசாயியின் மனிதநேயம்" என்று கைபேசியெல்லாம் சுற்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய தாயார் வேணி அம்மாள் ஓடிவந்து என் காலைத் தொட்டுவிட்டார். "எம் புள்ளையக் கொண்டாந்து சேத்த சாமிங்க நீங்க" என்று கதறினார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லவில்லை.

வேணி அம்மா, நீங்கள் அந்தத் தாய்மார் வரிசையில்தான் இருக்கிறீர்கள். எழுந்துவிட்டீர்கள். தெரிகிறது. யாரும் அவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். நிற்கட்டும்.

அன்று மாலையே பள்ளத்தை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி பாக்யலட்சுமி மட்டும் சோறு போடும்போது கேட்டாள். "நேத்து தட்டைய எங்க அள்ளிட்டுப் போனீங்க?" நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் என்னோடு அளந்துதான் பேசினாள். பாராட்டுகிற ஊர் ஒரு பக்கம், பேசாத வீடு ஒரு பக்கம். இதில் நான் யார்? காப்பாற்றியவனா? கவிழ்த்தவனா? மடியில் தாங்கிய கை எது, மண்ணைத் தூவிய கை எது? இரண்டும் இதே கைதானே!

போன செவ்வாய்க்கிழமை சிந்து என் வீட்டுக்கு வந்தாள். தோள் கூடிவிட்டது. "ஐயா, அந்த எடத்தக் காட்டுங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். மூடிய மண்ணில் புல் முளைத்திருந்தது. குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"தட்டைய எதுக்குங்கய்யா போட்டீங்க?"

அவளுக்குத் தெரியும்! விழுந்த அன்றே தெரியும்! என் வேட்டி விளிம்பில் அந்தச் சோளத்தட்டைச் சருகு ஒட்டியிருந்ததைப் பார்த்தாளாம். விசாரிக்க வந்தவர்களிடம், "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஏனம்மா சொல்லவில்லை என்றேன்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு மாசம் ஆச்சு."

"என்ன மன்னிச்சிட்டியாம்மா?"

"தெரியலங்கய்யா. ராத்திரில திரும்பிப் படுத்தா இன்னும் வலிக்குது. அப்பல்லாம் உங்க மேல கோவம் வருது. காலைல உங்க வூட்டுப் பாலு வந்தா, பாவமா இருக்குது. எனக்கே கொழப்பமா இருக்குங்க."

பிறகு அவளே சொன்னாள். "கார்த்திகைல உங்க பாத்தில போனதுல நானும் ஒருத்தி. மொளச்ச பயிருன்னு தெரியாம ஏறிட்டேன். கிராம சபைல நீங்க பேசுனப்ப பின்னாடிதான் நின்னேன். அப்பவே வந்து சொல்லிருக்கணும். பயமா இருந்துச்சு."

இருவரும் அந்தக் கரையில் நின்றோம். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. போகும்போது ஒன்று சொன்னாள். அதற்காகத்தான் இன்று வந்தேன்.

"ஞாயித்துக்கெழம முப்பத்தாறு பேரு வராங்க. நாங்க தடத்த ஓட்டிப் பாத்துருவோம். ஆனா பாத்துட்டு வந்தப்புறம் யாரு என்ன வெச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்க பேச்சக் கேட்டுத்தான் ஊரே கோவமாச்சு. நீங்க பேசுனா கேப்பாங்க."

பெரியோர்களே! தாய்மார்களே! நேற்று மதியமே குழுவினர் தடம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு ஒரு மாலை இருந்தது. நான் பள்ளம் வெட்டியதும் அப்படி ஒரு மாலையில்தான்! இந்தத் தடம் நம் ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா? எனக்கு இன்னும் தெரியாது. என் வரப்பில் அவர்கள் ஏறலாமா? ஏறக்கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். அதை நேருக்கு நேர் நின்று பேசுவோம், கூச்சல் போட்டுப் பேசுவோம், கூடி முடிவெடுப்போம். ஆனால் அதோ, முதல் ஆளாக நிற்கிறாள் சிந்து. பிளந்த கவசத்தை மாற்றிப் புதிய கவசம் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் முப்பத்தைந்து பேர். நம் கோபத்துக்கு இவர்கள் எலும்பா விலை? நம் வழக்குக்கு இவர்கள் உயிரா சாட்சி? யாராவது ஏதாவது வைத்திருந்தால், இப்போது சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன். என்னைவிட வெட்கப்பட இனி இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை!

யாரும் இல்லையா?

யார் அது, கை தூக்குவது? வெற்றிச்செல்வியா? சொல் தாயி. "ஓடை எறக்கத்துல முள்ளு போட்ருக்கேன்"... சரி. நன்றி தாயி. யாரும் முகம் சுளிக்காதீர்கள். அப்புறம்?

இளையபெருமாள், நீயா? "பாறை வளைவுல கம்பி கட்டிருக்கேண்ணே, பன்னிக்கு." என்ன உயரத்தில் தம்பி? நெஞ்சு உயரத்திலா?

பன்றிக்கு நெஞ்சு உயரத்தில் கம்பி கட்டுவார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. சிந்துவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உன் வண்டிதானே அப்பா? அழாதே. எழுந்திரு. நானும் வருகிறேன்.

தலைவர் அவர்களே, தமிழழகன் சார், கொடியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். வீரர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொன்னாடையை மேசைமேல் வைத்துவிட்டேன். இதை யாருக்குப் போர்த்துவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேணி அம்மா, மேடைக்கே வந்துவிட்டீர்கள். என்ன சொன்னாலும் கேட்கிறேன். இந்தாருங்கள், ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள். வேண்டாமா?

அன்பர்களே, அவர் சொன்னது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நானே சொல்லிவிடுகிறேன். "மொதல்ல போயி அந்தக் கம்பிய அவுத்துட்டு வாங்க. அப்பறம் உங்ககிட்டப் பேசிக்கிறேன்" என்றார்.

இதற்கு மேல் எனக்குப் பேச்சு இல்லை. கேட்ட காதுகளுக்கும், சொன்ன வாய்களுக்கும், காத்து நிற்கிற கால்களுக்கும் என் நன்றி. வேணி அம்மா, ஒரு மணி நேரத்தில் திரும்பி வருகிறேன். உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். வணக்கம்.