அச்சில் வராத கோடுகள்

ஒற்றை ஆளுக்கென்று கறி சமைத்தால் ருசிப்பதில்லை, சாகேப். அரைக் கிலோவுக்குக் குறைந்தால் எங்கள் கோலாப்பூர்ச் சிவப்பு ரஸ்ஸாக் குழம்புக்குக் குணமே வராது. மனைவி இறந்த பிறகு நாலு வருடம் நான் கறி வாங்கவில்லை. ரஞ்சித் இங்கவலே என் பட்டறைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் மறுபடி வாங்கினேன்.

அவன் மலைப்பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவன். சனிக்கிழமைதோறும் வருவான். காரை மேடையில் கட்டி, சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிடுவேன். கார் நின்ற இடத்திலேயே நூற்றைம்பதில் பறக்கும். இஞ்சினின் பலத்தை உருளை சொல்லும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் உண்டு. அதில் வயரைச் செருகினால், எவ்வளவு சூடு, எந்தச் சிலிண்டர் பழுதாகித் தட்டுகிறது என்று காரே தன் உடம்பைப் பற்றிச் சொல்லும். இரண்டையும் என் சாப்ட்வேர் ஒரே தாளில் கோடுகளாகப் போடும்.

எங்கள் ஊர்ப் பந்தயக்காரர்கள் தாளை வாங்கியதும் எத்தனை குதிரைச் சக்தி என்று மட்டும்தான் கேட்பார்கள். மற்றக் கோடுகளை ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ரஞ்சித்தும் அப்படித்தான். பிறகு கை கழுவிவிட்டு என்னோடு சாப்பிட உட்காருவான், சொந்தச் சித்தப்பாவைப் போலக் காகா என்று கூப்பிட்டு என் சமையலைக் கேலி செய்வான். அந்தக் கேலிக்காக ஆறு நாள் பேச ஆளில்லாமல் காத்திருப்பேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

"காகா, நாளைக்கு ஓட்டுறதுதான் கடைசி. புனேல வேலை கெடச்சிருச்சு. காரையும் ஒருத்தன் கேட்டிருக்கான். இனிமே உங்க உப்புக் குழம்புலேருந்து எனக்கு விடுதலை."

"போடா, அங்க குழம்புலயும் வெல்லம் போடுவான். ஒரே வாரத்துல ஓடி வந்துருவ" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாப்பிட்டபின் கடைசியாக ஒருமுறை மேடையில் ஓட்டினோம். மூன்றாம் சிலிண்டர் தட்டியது. இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூடு இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. சரிசெய்ய அரை நாள் வேலை. நான் செய்யவில்லை. அந்த இரண்டு கோடுகளுக்கும் நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டுத் தாளை அச்சடித்தேன். எத்தனை என்று கேட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். அது பொய்யில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். மலை ஏறும்போது இஞ்சின் வெந்துபோகும். அந்தக் காரை எவனும் வாங்கமாட்டான். அவனும் அதை அரைகுறையாக விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகிறவனில்லை. பிரித்துச் சேர்க்க நாலு மாதம் ஆகும். பதினாறு சனிக்கிழமைகள்.

பந்தயத்துக்கு அதே சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகி அனுப்பியிருந்தேன். எண்கள் போன் வழியாக என் திரைக்கு வந்துகொண்டிருந்தன. டாஷ்போர்டில் இருக்கிற முள்ளை நம்பக்கூடாது, சாகேப். ஓட்டுகிறவன் பயப்படக்கூடாதென்று அதை நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். உண்மையான சூடு எனக்கு மட்டும்தான் தெரியும். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து போனில் கேட்டான்.

"காகா, லேசா தீஞ்ச வாடை வருது. நம்பர் எப்படி இருக்கு? நிறுத்தட்டுமா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. மிதி."

நூற்று முப்பத்தொன்றில் இஞ்சின் இறுகிச் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வளைவில். வளைவு வருமென்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். வாலிபத்தில் நானும் அந்த மலையில் ஓட்டியவன்தான். ஒவ்வொரு வளைவும் தெரியும்.

அவன் சட்டைப்பையில் கிடைத்த தாள் இதுதான், நான் அச்சடித்ததுதான். நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தாளில் இல்லாத கோடுகள் என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் அவற்றைத் திறந்துவைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறேன். அவன் தட்டையும் எதிரே வைக்கிறேன். இன்னும் அரைக் கிலோதான் வாங்குகிறேன்.

எது எப்படியோ, சாகேப், அவன் புனேவுக்குப் போகவில்லை.