பிளாக் பெல்ட் பழனி

கத்துப்பா. அட, அடிக்க வரலப்பா, கையக் கீழ எறக்கு. சும்மா கத்துன்னுதான் சொல்றேன். வெளிய எங்க லைன் வீட்டு ஆளுக பாதிப் பேரு நிக்குது. பொண்ணக் கட்டிக்கிட்டவன் காலை அப்பன்காரன் ஒடிக்கிற சத்தம் கேக்கணும்னு காத்துட்டிருக்கானுக. ம், ஐயோன்னு ஒண்ணு விடு.

இது என்ன, முள்ளு குத்துன மாதிரி? இன்னும் ஜோரா. ஆங், இது தேவல.

பயப்படாதே பிரசாந்த். நீயும் ஜீவிதாவும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது எனக்கு வருத்தந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாட்சிக்கு நானே ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன். அது கெடக்கட்டும். நான் பொறந்ததுல இருந்து ஒருத்தனயும் அடிச்சதில்ல. சத்தியமா. இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன், முட்டி வலி.

ஆமா, பிளாக் பெல்ட்டுதான், இல்லேங்கல. ஜீவிதாவுக்குப் பத்து வயசுல கராத்தே கத்துக்கணும்னு ஒரே அழுகை. கூட்டிட்டுப் போயி ஓரமா உக்காந்திருந்தேன். பசவராஜ் மாஸ்டரு, ஆளு கொறச்சலா இருக்குது, நீங்களும் வந்து நில்லுங்கன்னுட்டாரு. நின்னேன். அப்பனும் மகளும் ஒண்ணாவே வெள்ளை பெல்ட்டு.

மஞ்ச பெல்ட்டு வாங்குன வாரமே பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வந்து கதவத் தட்டுது. பாத்ரூம்ல பாம்பாம். பாம்புக்கும் கராத்தேக்கும் என்னம்மா சம்பந்தம்னா, பெல்ட்டு வாங்கிட்டீங்களே அண்ணாங்குது. பச்சை வந்ததும், தண்ணி லாரி வந்தா வரிசைக்குப் பக்கத்துல என்னய நிக்க வெச்சாங்க. பெல்ட்டோட! லுங்கி மேல கட்டிட்டு நின்னேன். பிரவுன் வந்த வருசம் நான் வேலை பாக்கற ஹெப்பாள் பேக்டரில ஆயுத பூஜை. பூசணிக்காயத் தரையில போட்டுத்தான ஒடைப்பாங்க? சூப்பர்வைசரு, நம்ம பழனி இருக்கறப்ப தரை எதுக்குன்னுட்டாரு. மூணு குத்து குத்துனேன். கை வீங்கி ஒரு வாரம் ஸ்பேனர் புடிக்க முடியல. காயி அப்படியேதான் இருந்துச்சு.

கத்து கத்து. பேச்சுல மறந்தே போச்சு. பரவால்ல, உனக்கு நல்லா வருது.

காளிதாஸத் தெரியுமில்ல? என் சம்சாரத்தோட தம்பி, ஜீவிதாவுக்குத் தாய்மாமன். வெளிய இரும்புக் கம்பியோட நிக்கறான். மாமா, பிளாக் பெல்ட்டு நீங்க மொதல்ல போங்க, மிச்சத்த நான் வந்து பாத்துக்கறேங்கறான். மிச்சம்னா நீதான். அதான் தாப்பாளப் போட்டுட்டு இங்கயே உக்காந்திருக்கேன். சிரிக்காதே, நான் அந்தப் பக்கம் போனா அவன் இந்தப் பக்கம் வந்துருவான். முரட்டுப் பய, மண்டையில போட்டான்னா என் பொண்ணு கதி என்னாகறது?

அவ ஷிப்ட்டு எப்ப முடியும்? நாலுக்கா? அவ இங்க இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. காளிதாஸெல்லாம் அவளுக்கு ஒரு கைக்குப் பத்தமாட்டான். ஏன், உங்கிட்டச் சொல்லலியா?

சொல்லியிருக்க மாட்டா.

தொண்ணூத்தஞ்சுல பிளாக் பெல்ட்டு பரீட்ச. பிரவுன்ல நாங்க ரெண்டே பேருதான். ரெண்டு பேரும் மோதுங்க, நிக்கறவங்களுக்கு பெல்ட்டுன்னுட்டாரு மாஸ்டரு. பேக்டரி ஆளுக, லைன் ஆளுக, மாலை, மேளம், எல்லாம் வந்தாச்சு. யாருக்கு? எனக்குத்தான். பொட்டப் புள்ளைக்கு யாரு மேளம் கொண்டாருவாங்க? எட்டு வருசமா என்னயத் தூக்கித் தூக்கிப் போட்டவ அவ. அன்னிக்கு லேசாத்தான் தள்ளுனேன். அதுக்கு ஒரு டீ கிளாஸு கூடச் சாஞ்சிருக்காது. படார்னு விழுந்தா. எந்திரிக்கவே இல்ல. ஒரே விசிலு. கழுத்துல மாலையப் போட்டு என்னயத் தூக்கறானுக, அவ கீழ கெடந்துட்டே கை தட்டறா.

வேணும்னே விழுந்தா பிரசாந்த். அவளும் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு வருசமா எம்பொண்ணு பெல்ட்டத்தான் இடுப்புல கட்டிட்டுத் திரியறேன். வெக்கமா இருக்குதுப்பா.

உங்கிட்டயும் ஒரு நாளைக்கு இப்படித்தான் சத்தமில்லாம விட்டுக்குடுப்பா. ஜெயிச்சுட்டோம்னு மட்டும் நெனச்சுராதே. என்னயாட்டம் மாலைக்குக் கழுத்த நீட்டிராதே. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

கதவத் தட்டறான் பாரு காளிதாஸு. இனி தாங்காது. கடைசியா ஒரு சத்தம் குடுக்கணும், ஹெப்பாளே கேக்கற மாதிரி.

இருங்க மாப்பிள்ளை. நீங்க வேண்டாம். பிளாக் பெல்ட்டயே சாச்சவன்னு தெரிஞ்சா ஒருத்தன் இந்தத் தெருப் பக்கம் வர மாட்டான். அந்த பெஞ்ச அக்கட்ட தள்ளுங்க, விழறதுக்கு எடம் வேணும். இந்தத் தடவ நான் கத்தறேன்.