மங்கையற்கரசியின் ஒற்றை எழுத்து

மண்டூர் நூலகத்தின் முற்றம் நிறைந்து வழியும் மாசபையே! தலைமைக் கதிரையைத் தாங்கியிருக்கும் தகைசால் வினாயகமூர்த்தி அவர்களே! வயல் வட்டையில் நெல்வெட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் வேளாண்மைச் சொந்தங்களே! வாவி கடந்து வந்த காத்தான்குடி உறவுகளே! நான் பேச்சை நீட்டினால் இருமிக் காட்டும் அன்புத் தாய்மாரே! தபாற்கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திய நல்லரத்தினத்தின் வணக்கம்.

இந்தக் கொம்பியூட்டர் அறையைத் திறக்க என்னை ஏன் அழைத்தார்கள்? நான் அதில் வித்தகனா? விற்பன்னனா? அதன் முன்னால் அசடு வழிந்தவன்! அங்கே யாரோ “அது தெரியும்” என்கிறார். பொறும் தம்பி, கதையே அதுதான்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் சீதேவியை அறியாதவர் இங்கே உண்டா? பனிச்சங்கேணியில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கை மங்கையற்கரசி, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரை விட்டு ஓடினார். இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார் என்று ஒரு சொல் வந்தது. பிறகு பதின்மூன்று வருடம் கடிதமும் இல்லை, காகிதமும் இல்லை. அந்த வள்ளங்கள் எல்லாம் கரை சேரவில்லை என்பதை நாம் அறிவோம். ஆனாலும் சீதேவி ஆண்டுதோறும் தங்கையின் பெயரில் அர்ச்சனை செய்தார். இனி அர்ச்சனை வேண்டாம், செத்தவருக்குரிய அந்தியேட்டியைச் செய் என்று ஊர் சொன்னது. ஊர் என்ன ஊர்! முதலில் சொன்ன வாய் இந்த வாய்தான். கடைசியில் அவரும் தளர்ந்து போனார். “ஒருக்காத் தேடிப் பாப்பம் ஐயா. இல்லையெண்டா ஆவணியில செய்யிறன்” என்றார்.

பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, பஸ் பிடித்துக் காத்தான்குடியில் றமீஸாவின் இன்டர்நெற் கடைக்குப் போனோம். தேடும் பெட்டியைக் காட்டினார் றமீஸா. நான் என்ன செய்தேன்? ‘அன்புள்ள தங்கச்சிக்கு, நான் நல்ல சுகம், உன் சுகம் அறிய ஆவல்’ என்று ஆங்கிலத்தில் முழுக் கடிதமே அடித்தேன்! சிரியுங்கள், சிரியுங்கள். முத்திரை ஒட்ட இடம் இருந்திருந்தால் ஒட்டியுமிருப்பேன்.

ஒன்றும் வரவில்லை. நாம் சொல்ல நினைப்பதை அதற்குச் சொல்லக்கூடாதாம். தேடுகிற பக்கத்தில் என்ன சொல் எழுதியிருக்கும் என்று எண்ணி, அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டுமாம். பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்தோம். பாண்டிமாதேவி வந்தார், பள்ளிக்கூடங்கள் வந்தன, பனிச்சங்கேணிக்காரி வரவில்லை. அர்ச்சனைக்குப் பெயர் மட்டுமா சொல்கிறோம்? நட்சத்திரமும் சொல்கிறோமே! அதுபோல ஊரையும் சேர்த்தோம். இல்லை என்றது பெட்டி. சீதேவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெயரை வேறு விதமாக எழுத்துக் கூட்டலாமா என்று றமீஸா கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! ‘ற்’ வந்தால் ஆங்கிலத்தில் டீ. முப்பது வருடம் கடிதம் பிரித்தவனுக்கா பாடம்? அந்தப் பிள்ளை எழும்பிப் போனார். வாப்பாவின் புடவைக் கடையில் இருந்து ஒரு வெற்றுச் சேலைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இது இந்தியாச் சேலை, சேர். பொற்கொடி எண்டு பேர். பாருங்க, டீ இல்ல, ஆர் போட்டிருக்கு. உங்கட ஆளையும் அங்க ஆர் போட்டுத்தான் பதிஞ்சிருப்பாங்க.”

இக்கரையில் டீ, அக்கரையில் ஆர்! ஓர் எழுத்தை அழித்தோம், ஓர் எழுத்தை அடித்தோம். தமிழ்நாட்டு அகதி முகாமொன்றின் தையல் சங்கப் பக்கம் வந்தது. பெயர்ப் பட்டியலில் ஏழாவது, மங்கையற்கரசி, பனிச்சங்கேணி. அடியில் ஒரு தொலைபேசி இலக்கம். பதின்மூன்று வருடம் ஒரு பெண்ணை மறைத்து வைத்தது கடலா? சண்டையா? இந்த நல்லரத்தினத்தின் டீயும்தான், ஐயா!

அங்கிருந்தே பேசினோம். நெடுநேரம் அழுகைதான் கேட்டது. பிறகு தங்கை சொன்னார்: “அக்கா, போன கிழமைதான் உனக்குத் திவசம் குடுத்த நான்.”

சீதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எனக்கு என்ன கறி ஆக்கிப் படைச்ச நீ?”

நான் அழவில்லை என்று சொன்னால் றமீஸா இங்கேயே எழும்பிச் சிரிப்பார். அழுதேன். ஊரறிய அழுதேன்.

அன்பான சபையோரே, இந்த மண்ணில் தேடப்படும் பெயர்கள் எத்தனை! தேடிக் களைத்த கண்கள் எத்தனை! இல்லை என்று பெட்டி சொல்லலாம். அதை நம்பி நாம் அந்தியேட்டி செய்யலாமா? கேட்ட சொல்லை மாற்றுங்கள். ஊரைச் சேருங்கள். எழுத்தைத் திருப்புங்கள். மீண்டும் கேளுங்கள், மீண்டும் மீண்டும் கேளுங்கள்!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன் ஐயா. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி, பிழை திருத்திய றமீஸாவுக்கு நன்றி, எல்லோருக்கும் என் வணக்கம். நாடா வெட்ட எனக்குத் தகுதியில்லை. காணாமற்போன மகனின் பெயரை மூன்று விதமாக எழுதி எடுத்துக்கொண்டு ஒரு தாய் காலையில் இருந்து வாசலில் நிற்கிறார். அன்னப்பூரணி அக்கா, உள்ளுக்கு வாங்க. முதல் கதிரை உங்களுக்குத்தான்.