ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ஜில்லா

1937 கடைசியில் சேலம் ஜில்லாவில் மட்டும் மதுவிலக்கு வந்திருந்தது. காவிரிக்கு அக்கரை கோயமுத்தூர் ஜில்லா. அங்கே கள்ளுக்கடைகள் திறந்தே இருந்தன. ஜேடர்பாளையம் பரிசல்துறையில் காலையிலேயே ஆண்கள் கூட்டம்; நானும் அதில் நின்றிருந்தேன். நடுவில் ஓர் அம்மாள், தன் மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகரோடு நின்றிருந்தார்.

“மாப்பிள்ளை நம்ம ஜில்லாவுல ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க” என்றார் தரகர்.

“அக்கரையில?”

“அது வேற ஜில்லாவுங்களே!”

அம்மாள் பரிசல்காரரிடம் திரும்பினார். அந்த வருஷம் பெண்ணைப் பெற்றவர்கள் பலரும் அவரிடம்தான் மாப்பிள்ளையை விசாரித்தார்கள்.

“ஏனுங்க, மணியகாரர் ஊட்டுப் பையன் உங்க பரிசல்ல வாராருங்களா?”

“ஒரு நாளும் ஏறினதில்லீங்கம்மா.”

தரகர் மீசையைத் தடவினார். “நாஞ் சொன்னனில்லீங்க!”

“சீக்கிரம் கேட்டு முடிங்கம்மா, அக்கரையில எங்களுக்கு அவசர வேலை கெடக்குது” என்றார் எனக்குப் பின்னால் நின்றவர்.

பரிசல்காரர் இன்னும் முடிக்கவில்லை. “அவரு நீந்தியே போயிருவாருங்க.”

“திரும்பி வாரப்ப?”

“அப்பவும் நீச்சலுதானுங்க. போன வாரம் சுழியில மாட்டிக்கிட்டாரு. நாந்தான் துடுப்பை நீட்டி இழுத்தேன்.”

கூட்டம் சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை.

“எம்பொண்ணு தாலி உங்க துடுப்புலயா தொங்கோணும்?”

தரகர் அவசரமாக, “அக்கரையிலயும் சீக்கிரம் கடையை மூடீருவாங்களாமுங்க. மந்திரிங்களே சொல்லீருக்காங்க” என்றார்.

“மூடட்டுமுங்க. மூடின அன்னைக்கு வாங்க, பாக்கு வெத்தலை மாத்திக்கலாம்.”